மூன்றாவது ஓடை

1991இல் மலாக்காவில் மழை பொய்த்தது. பட்டணத்துக் குழாய்கள் காய்ந்து கிடந்தபோதும் அஞ்சாங்கட்டைத் தோட்டத்துச் சின்னாறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. தோட்டத்துக்குப் பின்னாலிருந்த ரிசர்வ் காட்டிலிருந்து வரும் ஆறு அது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பெண்கள் முழங்கால் ஆழத்தில் நின்று துணி துவைத்தார்கள்.

அது ஏன் வற்றவில்லை என்பது ராமையாவுக்குத் தெரியும். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடிப்பவர். இருபது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் பிடிக்க ஆற்றோடு மேலேறிப் பழகியவர். இரண்டு குன்றுகளுக்கு நடுவே சதுப்பில் இரண்டு ஓடைகள் பிறந்து ஒன்றுசேரும். மூன்றாவது ஒன்று கிழக்குக் குன்றில் பாறைக்கடியில் புகுந்து, கால் மைல் கண்ணுக்குத் தெரியாமல் ஓடி, பிரம்புப் புதருக்குள் வெளியே வந்து ஆற்றில் சேரும். வெயில் படாத தண்ணீர்.

ஒருநாள் பரமேஸ்வரன் என்ற தண்ணீர் இலாகா இஞ்சினியர் ஜீப்பில் வந்தார். சின்ன வயசு. லயத்து வாசலில் வரைபடத்தை விரித்தார்.

“எங்க மேப்புல ரெண்டு ஓடைதான் இருக்கு. ரெண்டும் காஞ்சு போச்சு. அப்புறம் இந்தத் தண்ணி எங்கேருந்து வருது? உங்களுக்குத்தான் தெரியும்னாங்க, அண்ணே.”

வேலை வாங்கும் மண்டோர் முதல் கணக்கெழுதும் கிராணி வரை ‘டேய்’ என்றே கூப்பிட்ட ஆளை முதன்முதலாக ஒரு படித்தவர் அண்ணே என்றார். ராமையா பாராங்கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். பிரம்பை வெட்டி விலக்கி, பாறை வாயைக் காட்டினார். பரமேஸ்வரன் கையை உள்ளே விட்டுப் பார்த்து, “ஐஸ் மாதிரி இருக்கு லா!” என்று சிரித்தார்.

“எங்க லயத்துக்கும் பைப் வருமா, சார்?”

“கட்டாயம் வரும், அண்ணே. உங்க ஆறுதானே.”

அன்று சாயங்காலம் ராமையா லயம் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த வருடம் பாறை வாயிலேயே சிமெண்டுத் தொட்டி கட்டினார்கள். தடித்த குழாய் தோட்டத்து வழியாகவே பத்து பெரண்டாம் என்ற ஊரிலிருந்த ஃபேக்டரிகளுக்குப் போனது. லயத்துக்குக் கிளை வைக்கவில்லை. காட்டு முகப்பில் வேலி போட்டு, உள்ளே நுழையக் கூடாதென்று பலகை மாட்டினார்கள். அடுத்த வெயில் காலத்தில் சின்னாறு சேறாகி, பிறகு வெடித்தது. தோட்ட நிர்வாகம் வாரம் இரண்டு முறை லாரியில் தண்ணீர் அனுப்பியது.

ராமையா பஸ் பிடித்துப் பட்டணத்து ஆபீஸுக்குப் போனார். சுவரில் புது வரைபடம் தொங்கியது. மூன்றாவது ஓடையைச் சரியாகப் போட்டிருந்தார்கள். தொட்டியோடு நீலக்கோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே வெறும் வெள்ளைத் தாள்.

“எங்க ஆத்தக் காணோமே, சார்.”

பரமேஸ்வரனுக்கு அவரை அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. “வருஷம் பூரா தண்ணி ஓடினாத்தான் ஆறுன்னு போடுவோம். இப்ப அது வெறும் பள்ளம்தானே?” என்றார். பைப்பைப் பற்றிக் கேட்டதற்கு, தனியார் தோட்டத்துக்குத் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவி கமலவேணியிடம் சொன்னார். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

“நீங்க காட்டாட்டி அவங்களா கண்டுபுடிச்சிருப்பாங்களா?”

எப்படியும் கண்டுபிடித்திருப்பார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அந்தப் புதரைத் தாண்டி யாரும் போனதில்லை என்பது அவருக்கே தெரியும்.

“இல்ல” என்றார்.

வெளியே லாரி ஹாரன் கேட்டது. அவள் இரண்டு வாளிகளையும் எடுத்தாள். ஒன்றை வாங்கிக்கொள்ள அவர் கை நீட்டினார்.

“வேணாம். அங்க நீங்க வராதீங்க. ஏதாச்சும் சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.