மலைக்குப் போட்ட மூடி

சேவுகப்பெருமாளுக்கு இன்ஜினியர்கள் என்றாலே இளக்காரம். ஒக்கூர் முதல் செக்காலை வரை போர் போட்டுத் தண்ணீர் காட்டியவர். அதைவிட அதிகமாகப் புழுதி காட்டியவர். அதை மட்டும் வெளியே சொல்வதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு மலைப்பாதையில் வேலை கிடைத்தது. சரிவில் படுக்கைவாக்கில் துளை போட்டுக் குழாய் செருக வேண்டும். மலைக்குள் தண்ணீர் தேங்கினால் மண் கனத்துச் சாலையில் சரிந்துவிடும். குழாய் வழியே அது வடிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று இன்ஜினியர் சத்தியப்பிரியா பொறுமையாக விளக்கினாள். அவர் தலையாட்டினார். பூம்பூம் மாடுகூட இன்னும் கொஞ்சம் விஷயத்தோடு ஆட்டும்.

வேலையை முடித்துச் செக்காலை வீட்டுக்கு வந்ததும் மனைவி தீபலட்சுமியிடம் பொரிந்து தள்ளினார்.

"தண்ணியக் கொட்டுறதுக்கு ஒரு படிப்பாம்! அதும் அமராவதிபுதூர்ல பொறந்த புள்ள, லாரித் தண்ணிக்குக் குடத்தோட நின்னுருக்கும். துளை போட்டதும் பன்னீராட்டம் பாயுது. அம்புட்டும் சாக்கடைக்கு! வயிறெரிஞ்சுபோச்சு. கெளம்புறப்ப எல்லாக் குழாய்க்கும் மூடி போட்டுப் பசை வச்சு ஒட்டிட்டேன்."

"நீங்க போட்ட துளையில தண்ணி வந்ததே அதிசயம். அதையும் அடச்சிட்டு வந்தீகளாக்கும்."

மறுவாரம் மலையில் அடைமழை. சத்தியப்பிரியா போன் செய்தாள்.

"அண்ணே, இம்புட்டு மழைக்கும் குழாய்க்குக் கீழ வாய்க்கால் காஞ்சு கெடக்கு. நீங்க போட்ட துளை மண்ணு விழுந்து தூந்துபோச்சா?"

தொழிலைக் குறை சொன்னால் விடுவாரா? "நான் போட்ட துளை தூருமா? மூடி வச்சிருக்கேன் தாயி. தண்ணி உள்ள பத்திரமா இருக்கு."

மறுமுனையில் அவள் சரிவை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது.

"அண்ணே... சரிவைத் தாங்குற தடுப்புச்சுவர் வயிறு தள்ளிக்கிட்டு நிக்குது. கீழ பொன்னுத்தாயி அக்கா டீக்கடையில பஸ் நிக்குதுண்ணே. நெறைய சனம்."

சேவுகப்பெருமாள் வேலை நாளெல்லாம் அந்தக் கடையில் தின்றவர். டீயில் தண்ணீர் அதிகம் என்று தினமும் பழித்தவர்.

"எல்லாரையும் அங்குட்டு விரட்டு தாயி! துளை போடுற வண்டியோட நம்ம ஆளு உதயகுமாரு இன்னும் அங்கனதான் இருக்கான். ரம்பம் வச்சிருக்கான், மூடிய அறுக்கச் சொல்லு!"

போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பஸ் உறுமிக் கிளம்புவது கேட்டது. "எந்தக் கிறுக்குப்பய மூடுனான்?" என்று பொன்னுத்தாயி கத்துவதும் கேட்டது. கை நிறையப் பசை அப்பிய அந்தக் கிறுக்குப்பயலை அவரும் மனதுக்குள் வைதுகொண்டிருந்தார்.

ரம்பம் கரகரத்தது. பிறகு, தண்ணீர் சீறும் சத்தம். ஒன்று, இன்னொன்று, எல்லாம்.

வெகுநேரம் கழித்துச் சத்தியப்பிரியா பேசினாள். "சுவரு நிக்குதுண்ணே. வாய்க்கால் நெறஞ்சு ஓடுது."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"தாயி, பொன்னுத்தாயிய ஒரு குடமாச்சும் குழாய்க்குக் கீழ வைக்கச் சொல்லேன்."

தீபலட்சுமி போனைப் பிடுங்கினாள்.

"நீ ஓட விடும்மா. இங்க ஒரு மூடி மிச்சம் கெடக்கு. இவுக வாய்க்கு ஒட்டிடுறேன்."