முள்ளங்கி மங்கையின் கடைசி ஷாட்

ஓனுகி மிசாவோவைத் தகனம் செய்த நான்காம் நாள், ஜப்பானின் தொச்சிகி மலையடிவாரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்றில், தரையிலிருந்து இரண்டு ஆள் உயரத்தில் அவள் கம்பி எதுவும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தாள். படப்பிடிப்பில் மிச்சமான சாமான்களை எடுக்க வேனில் போன அவள் கணவர் ககுஜிதான் முதலில் பார்த்தார். வெள்ளை உடுப்பு, தலையில் பச்சைத் துணி இலைகள், முஷ்டி மடக்கி முன்னால் நீட்டிய வலது கை. உடுப்பைத் தைத்தவர் என்பதால், இடது தோளில் தையல் விட்டிருந்ததுதான் அவர் கண்ணில் முதலில் பட்டது.

முள்ளங்கி மங்கை படங்கள் மொத்தம் பதினொன்று. தொலைக்காட்சியில் வரும் முகமூடி வீரர்களைக் கிண்டல் செய்பவை. திரையரங்கைப் பார்க்காமல் நேரே வீடியோ கடைகளின் கீழ்த்தட்டுக்குப் போனவை. நடிக்கத் தெரியாதவர்களை ஜப்பானில் முள்ளங்கி என்பார்கள். விமர்சகர்களுக்கு வேலை வைக்க வேண்டாமென்று இயக்குநர் ஹொஸுமி அந்தப் பெயரையே கதாநாயகிக்குச் சூட்டிவிட்டார். குழுவில் இருந்ததே ஐந்து பேர். ககுஜி உடுப்புத் தைத்தார், மனைவியைப் பறக்கவிடக் கம்பி இழுத்தார், உதவி இயக்குநரும் அவரே. குளியலறைக் கால்மிதியில் செய்த அசுரனை அவள் பத்துப் படங்களில் வென்றாள். பதினொன்றாவதின் கடைசி ஷாட்டுக்கு இதே குவாரியில் காத்திருந்தபோது மயங்கி விழுந்தாள், மருத்துவமனையிலிருந்து திரும்பவில்லை.

ஹொஸுமி வந்து பார்த்தார். ஒரு சிகரெட்டை முழுதாகப் பிடித்து முடித்தார். ஜப்பானியப் படப்பிடிப்புகளில், நடிகரின் கடைசி ஷாட் முடிந்ததும் உதவி இயக்குநர் அவர் பெயரை உரக்கச் சொல்லி, வேலை முடிந்தது என்று அறிவித்துப் பூங்கொத்துக் கொடுக்க வேண்டும், எல்லோரும் கைதட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் நடிகர் வீட்டுக்குப் போவார். மிசாவோ விழுந்த அன்றைய கலவரத்தில் அது யாருக்கும் தோன்றவில்லை.

"நீ சொல்லலியேய்யா. அவ பாட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கா. இப்பவாவது சொல்லி அனுப்பு," என்றார் ககுஜியிடம்.

ககுஜி பூ வாங்கி வந்து, கீழே நின்று வாயைத் திறந்தார். மேலிருந்து, "ஏங்க, அடுத்தது என் ஷாட்டா?" என்று குரல் வந்தது. அவள் எலும்புகள் வெள்ளைத் துணி சுற்றிய கலசத்தில் வீட்டில் இருந்தன. குரல் இங்கே இருந்தது. சொல்லிவிட்டால் இதுவும் போய்விடும்.

"வெளிச்சம் சரியில்ல. இன்னும் கொஞ்ச நேரம்," என்றார். பதினாறு வருடம் அதையே சொன்னார்.

அந்த வருடங்களில் ஹொஸுமி இறந்தார், வீடியோ கடைகள் மூடப்பட்டன, படங்களோ கணினி வழியே யார் யாரையோ போய்ச் சேர்ந்தன. தபால்காரர் துச்சியா ரசிகர் மன்றம் தொடங்கினார். நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஆளுக்கொரு முள்ளங்கியை இலையோடு கொண்டுவந்து, மிதப்பவளுக்குக் கீழே உட்கார்ந்து, சோற்றுருண்டை சாப்பிட்டு, வசனங்களை ஒப்பித்துவிட்டுக் கலைவார்கள். ககுஜி வசந்தந்தோறும் ஏணியில் ஏறி, வெயிலில் நைந்த உடுப்புக்கு ஒட்டுப்போட்டார். நீட்டிய கை முதல் வருடம் தோளுக்கு நேராக இருந்தது. ஆறாம் வருடம் மார்பளவுக்கு இறங்கியது. பதினாறாம் வருடம் இடுப்பருகே தொங்கியது, முஷ்டியும் விரிந்திருந்தது. ரசிகர்கள் பழைய படத்தோடு ஒப்பிட்டு, கோணம்தான் வேறு என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

அந்த நவம்பர்க் கூட்டத்தில், மறுபடி விட்டிருந்த தையலைப் போட ஏறிய எழுபத்து மூன்று வயதான ககுஜி ஏணியின் மூன்றாம் படியில் நின்றுவிட்டார்.

"வேண்டாங்க, இறங்குங்க," என்றாள் அவள். "உங்க முட்டி சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. எனக்கும் தோள் விட்டுப்போச்சு. பறக்கறதுகூடத் தேவல, இந்தக் காத்திருக்கறதுதான்..."

ககுஜி இறங்கி, முள்ளங்கிகளைச் சேர்த்து நூலால் கட்ட ஆரம்பித்தார். அது பூங்கொத்து என்று துச்சியாவுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, அடுத்த வருஷம் ஜெர்மனிலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்கண்ணே. டிக்கெட்லாம் போட்டாச்சு."

"நீ கையை இப்படி நீட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் நில்லு. அப்புறம் பேசுவோம்."

துச்சியா நின்று பார்த்தார். நாலு நிமிடத்தில் கையை இறக்கிவிட்டார். பிறகு, கட்டுவதற்கு நூலைப் பிடித்துக்கொடுத்தார்.

"ஏங்க, அடுத்தது என் ஷாட்டா?"

"எடுத்தாச்சு மிசாவோ. ஒரே டேக்."

"நான் கவனிக்கவே இல்லியே?"

"நல்லா நடிச்சா அப்படித்தான், தெரியாது."

அவள் சிரித்தாள். ககுஜி தொண்டையைச் செருமிக்கொண்டு, குவாரிச் சுவரில் பட்டுத் திரும்பும்படி, முள்ளங்கி மங்கையாக நடித்த ஓனுகி மிசாவோ அவர்களின் வேலை இத்துடன் முடிந்தது என்று அறிவித்தார். முப்பத்தேழு பேர் கைதட்டினார்கள். அவள் கம்பியில் இறங்குவதுபோலவே தடுமாறி இறங்கி, முள்ளங்கிக் கட்டை வாங்கி, நாலு பக்கமும் குனிந்து, "எல்லாரும் களைச்சுப்போயிருப்பீங்க," என்றாள். அந்தத் தொழிலில் வேலை முடிந்ததும் எல்லோரும் சொல்வதுதான் அது. நிமிரும்போது உடுப்புக்குள் ஆள் இல்லை.

முள்ளங்கிகளை அங்கேயே வேகவைத்து, மிசோ என்ற சோயா விழுதைத் தடவிச் சாப்பிட்டார்கள். ஒட்டுப்போட்ட உடுப்பைக் ககுஜி வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து, பால்கனிக் கொடியில் போட்டார். காற்றே இல்லாத நாளிலும் அது கொடிக்கு மேலே ஒரு சாண் எழும்பி நிற்கிறது. மற்றத் துணிகளுக்கு இரண்டு கிளிப் போதும். அதற்கு நாலு.