மாப்பிள்ளை வளர்த்த சிறுகீரை

முதல் வெண்டைக்காயைப் பறித்த அன்று பிரேம்நாத் அதை ஒரு ஸ்கேலுக்குப் பக்கத்தில் படுக்க வைத்துப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பதினொன்றரை சென்டிமீட்டர். அத்தைகளும் சித்தப்பாக்களும் கட்டைவிரல், பூங்கொத்து, கைகூப்பு என்று அனுப்பித் தள்ளினார்கள். அவனுடைய மாமனார் கோதண்டராமன் மட்டும் எதுவும் அனுப்பவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியின் கேன்டீனில் உட்கார்ந்திருந்தவர், டீயைக் கீழே வைத்துவிட்டு எதிரே இருந்த ஆபித் பாஷாவிடம் போனை நீட்டினார்.

"பாத்தியா பாய். ஒத்த வெண்டைக்கா. அத்த அளந்து வேற போடறாரு எங்க மாப்ள."

ஆபித் பாஷா இருபது வருஷமாக அவரோடு ஒரே செக்‌ஷனில் நிற்கிறவர். "நல்லாத்தானே கீது கோதண்டம்," என்றார்.

"நல்லாத்தான் கீது. குழம்பு வைக்கணும்னா இன்னும் பதினாலு காய் வரணும். அதுக்குள்ள இது முத்தி வெறகாப் பூடும்."

கோதண்டராமனுக்கு மருமகனைப் பிடிக்காது. பிடிக்காததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பையன் குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, மகள் ஷர்மிளாவைக் கண்ணுக்குக் கண்ணாக வைத்திருக்கிறான். ஆனால் வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, அரை டிரவுசரோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே சம்பாதிக்கிறான். முப்பத்திரண்டு வருஷம் ஈரத்தில் நின்று, கால் விரலிடுக்கெல்லாம் வெந்துபோன மனிதருக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. பேச்சில் மட்டும் குறை வைக்கமாட்டார். வாங்க மாப்ள, சாப்புடுங்க மாப்ள என்று வாய் நிறைய மரியாதை வழியும். அவன் எழுந்து கை கழுவப் போனதும் உதட்டைப் பிதுக்குவார்.

அப்படிப்பட்டவருக்கு இந்த மாடித் தோட்டம் அல்வா மாதிரி கிடைத்தது. பிரேம்நாத்தும் சும்மா சொல்லக் கூடாது, கிண்டலுக்குக் குறைவில்லாமல்தான் தோட்டம் போட்டான். நாற்பது பைகள், தென்னை நார்க் கட்டிகள், பூவாளி, வெயிலுக்குத் தொப்பி. கொத்தமல்லியை உடைக்காமல் முழுசாகத் தூவிவிட்டு, விதைக் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று புலம்பினான். தக்காளிக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை தண்ணீர் ஊற்றி வேரை அழுக வைத்தான். கேரட் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காகத் தினமும் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்து மறுபடி நட்டான். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றில் வந்து விழுந்து முளைத்த குப்பைமேனியைக் கத்தரி நாற்று என்று நம்பி, குச்சி நட்டு, நூல் கட்டி, பெயர்ச்சீட்டு வைத்து மூன்று வாரம் வளர்த்தான். படத்தைப் பார்த்துவிட்டு அவன் அம்மாதான் சொன்னாள், பூனைகூடத் தின்கிற செடிடா இது என்று.

கோதண்டராமன் அந்தக் குப்பைமேனிக் கதையை ஆம்பூரில் சொல்லாத ஆள் இல்லை. இத்தனைக்கும் அவர் வாழ்நாளில் ஒரு கடுகைக்கூட முளைக்க வைத்தவரில்லை. வீட்டு வாசலில் மனைவி முத்துமாரி வைத்த துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால்கூட, அது பொம்பளைங்க வேலை என்பார். ஒன்றும் தெரியாதவன் முயற்சி செய்வதைப் பார்த்து, ஒன்றும் தெரியாமலேயே முயற்சியும் செய்யாதவன் சிரிப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. அந்த சுகத்தில் அவர் மூழ்கிக் கிடந்தார்.

தை மாசம், ஷர்மிளாவை அம்மா வீட்டில் விட வந்த பிரேம்நாத், டேனரி வாசலுக்கே வந்து மாமனாரைப் பார்த்தான்.

"மாமா, செடிக்கு என்ன உரம் போட்டா நல்லா வரும்? வீடியோல ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு..."

அவன் முகத்தில் நிஜமான பணிவு இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோதண்டராமனுக்கு எரிச்சல்தான் வந்தது. தோலைச் சீவும் மெஷின் அவருடைய செக்‌ஷன். பதனிட்ட தோலைச் சீவும்போது தூள் விழும். குரோமியம் ஏறிய தோல் என்பதால் தூளும் வெளிர்நீலமாக இருக்கும். கண்ட இடத்தில் கொட்டக் கூடாது என்று அதைத் தனியாக மூட்டை கட்டி, தனி ஷெட்டில் பூட்டி வைக்கிறார்கள். அந்த ஷெட்டின் சாவி அன்று அவர் பையில்தான் இருந்தது.

"அதுக்கு இன்னாத்துக்கு வீடியோ? எங்கள்ட்டயே கீது," என்றார். "தோலுத் தூளு. எல்லாம் மாட்டுதுதானே, எரு மாதிரிதான். ரெண்டு மூட்ட எடுத்துக்கினு போங்க மாப்ள."

பிரேம்நாத் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கார் போனதும் ஆபித் பாஷா பக்கத்தில் வந்தார்.

"இன்னா கோதண்டம் இது. அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்ல?"

"செடி செத்துப் பூடும் பாய். வேற ஒன்னும் ஆவாது. அத்தோட இந்தக் கூத்து முடியட்டும். குரூப்பத் தொறந்தாலே பேஜாரா கீது."

அதோடு கூத்து முடிந்த மாதிரிதான் இருந்தது. மாசி பிறந்தது. படங்கள் நின்றுபோயின. வெண்டைக்காய் இல்லை, ஸ்கேல் இல்லை. மருமகனின் தோட்டம் மண்ணோடு மண்ணாகிவிட்டது என்று கோதண்டராமன் கணக்குப் போட்டுக்கொண்டார். போன் செய்யும்போதெல்லாம், "இன்னா மாப்ள, வெள்ளாமை எப்டி?" என்று கேட்டுச் சிரிப்பார். பரவால்ல மாமா என்று அவன் பேச்சை மாற்றுவான். பங்குனியில் ஷர்மிளா முழுகாமல் இருக்கிறாள் என்ற சேதி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நீலத்தூள் மூட்டை அவர் நினைப்பிலிருந்தே போய்விட்டது.

ஆவணியில் ஒரு மத்தியானம் முத்துமாரி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். "ஷர்மிளாவுக்கு ரத்தம் நல்லா ஏறியிருக்குதாம். டாக்டரம்மாவே இன்னா சாப்புடறன்னு கேட்டாங்களாம். மாப்ள மாடியில கீரை வளக்கறாரே, தெனம் அதான். சிறுகீரை, பாலக், ரெண்டு மாசமா கடையில கீரையே வாங்கலையாம்."

கோதண்டராமன் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். "தோட்டம் செத்துப்போச்சின்னு இல்ல சொன்னாங்க?"

"யார் சொன்னாங்க? நீ கிண்டல் பண்றேன்னு குரூப்புல போடறத நிறுத்திட்டாரு. எங்கிட்ட தனியா அனுப்புவாரு." போனை எடுத்துக் காட்டினாள். மாடி முழுக்கப் பச்சை. பைகளுக்கு நடுவில் வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஷர்மிளா சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். முத்துமாரி கேட்டதற்கு வளைகாப்பு பற்றிப் பேச வேண்டும் என்றார். வேலூர் பஸ் பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்றபோது எப்படிச் சொல்வது என்று யோசித்தார். உண்மையைச் சொல்லாமலே கீரையை நிறுத்திவிட முடியும் என்றுதான் தோன்றியது. தான் அப்பா, தான் சொன்னால் மகள் கேட்பாள் என்று நினைத்தார். அந்த நினைப்பு சத்துவாச்சாரியில் மகள் பதில் சொல்லும்வரைதான் தாங்கியது.

ஷர்மிளா அப்போதுதான் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோற்றின்மேல் கைப்பிடி அளவு சிறுகீரைக் கடைசல்.

"அந்தக் கீரையத் துன்னாதம்மா," என்றார் செருப்பைக் கழற்றும் முன்பே.

"ஏம்ப்பா?"

"மாடியில வளந்ததெல்லாம் ஒடம்புக்கு ஆவாது. சூடு. வண்டிப் புகை வேற படியும்."

ஷர்மிளா பெருமூச்சு விட்டாள். கோபம்கூட இல்லை, அலுப்புதான். "மொதல்ல மொளைக்காதுன்ன. மொளைச்சா காய்க்காதுன்ன. காய்ச்சா ஒன்னுதான் காய்ச்சிதுன்ன. இப்ப துன்னாதன்ற. உனக்கு இன்னாதாம்ப்பா வேணும்? மெனக்கெட்டு ஆம்பூர்லேந்து பஸ் ஏறி வந்து சொல்லணுமா?"

"நான் வெளயாட்டுக்கு சொல்லலம்மா."

"எப்பவுமே அப்டிதான் ஆரம்பிப்ப." அவள் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு பிரேம்நாத் உள்ளேயிருந்து வந்தான். அதே அரை டிரவுசர். மாமனாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க மாமா. நல்ல நேரத்துல வந்தீங்க. நீங்க குடுத்த உரத்துலதான் மாமா இவ்ளோவும்."

கோதண்டராமன் மகளின் தட்டைப் பார்த்தார்.

"மொதல்ல எனக்கு போடத் தெரியல," என்றான் அவன், தன் தப்பைச் சொல்கிற வெட்கத்தோடு. "அப்படியே போட்டேன், ஆறு பை செத்துப்போச்சு. உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. அப்புறம் ஊறவச்சி, தண்ணிய வடிச்சி, சாணியோட மூணு மாசம் மக்க வச்சேன். எல்லாருகிட்டயும் மாமா குடுத்ததுன்னுதான் சொல்லியிருக்கேன்."

ஷர்மிளா முதல் கவளத்தை உருட்டி எடுத்தாள்.

"அது உரம் இல்ல," என்றார் கோதண்டராமன். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னார். "அது உரம் இல்லம்மா. குரோம் ஏத்தின தோலோட தூளு. செடி செத்துப் பூடும்னு தெரிஞ்சிதான் குடுத்தேன். சாவணும்னுதான் குடுத்தேன். கையக் கழுவு."

ஷர்மிளா கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள். தட்டைத் தூரமாகத் தள்ளினாள். அவள் கை தானாக வயிற்றின்மேல் போனது. ஏதாவது திட்டுவாள், அழுவாள் என்று கோதண்டராமன் காத்திருந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

பிரேம்நாத் முகம் வெளுத்திருந்தது. ஆனால் அவன் நேராக மேஜைக்குப் போய் போனை எடுத்தான். "அதுல என்னென்ன இருக்கும் மாமா? டாக்டர்கிட்ட சொல்லணும். குரோமியம்னா எந்த வகை? எவ்வளவு இருக்கும்? வேற கெமிக்கல் எதாவது?"

முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தூளில் நின்றவர், மூக்கிலும் வாயிலும் அதை வாங்கிக்கொண்டவர், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள்கூட யாரையும் கேட்டதில்லை. தெரியாததைக் கேட்கிறவர்களைப் பார்த்துச் சிரிக்கத்தான் அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"தெரியாது மாப்ள," என்றார்.

பிரேம்நாத் தலையாட்டிவிட்டு மாடிக்கு ஓடினான். ஒரு கவரில் மண்ணும் இன்னொன்றில் வேரோடு பிடுங்கிய கீரையுமாக இறங்கி வந்தான். எந்தப் பையில் எப்போது எவ்வளவு தூள் போட்டான் என்று தேதிவாரியாக எழுதி வைத்திருந்த நோட்டையும் எடுத்துக்கொண்டான். இதே நோட்டைப் பற்றித்தான் போன வருஷம், கீரைக்கு ஜாதகம் எழுதறாரு என்று கோதண்டராமன் டேனரி முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தார்.

ஷர்மிளா துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். கோதண்டராமனும் செருப்பைத் தேடினார்.

"நீ வாணாம்ப்பா," என்றாள்.

"ஆஸ்பத்திரிக்குதாம்மா. நான் ஒரு பக்கமா உக்காந்துக்கறேன்."

"டாக்டர் கேக்கறப்ப அவரு தடுமாறுவாரு. அப்ப உன் மூஞ்சியப் பாக்க என்னால முடியாது."

இனிமேல் அப்படிச் சிரிக்கமாட்டேன் என்று சொல்ல அவர் வாயெடுத்தார். சொன்னால் நம்புவதற்கு அவள் கையில் அவர் ஒன்றுமே கொடுத்து வைக்கவில்லை. அவள் படி இறங்கிப் போனாள்.

பிரேம்நாத் கார் சாவியோடு வாசலில் ஒரு நிமிஷம் நின்றான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூடக் கோதண்டராமனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் எப்போதும் போலத்தான் பேசினான்.

"நீங்க சாப்டிருக்க மாட்டீங்க மாமா. அடுப்புல சாம்பார் இருக்கு, போட்டுச் சாப்டுங்க," என்றான். "பயப்பட வேணாம். காய் கடையில வாங்கினதுதான்."