படையலுக்கு வைக்காத சூப்பு

சண்முகராசாவின் மப்ளரைக் குமுதினி ஒரு வருடமாகத் துவைக்கவில்லை. லண்டன் மோர்டன் வீட்டில், படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் அது தொங்கியது. ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி மாதங்களில் அவர் கழுத்தை விட்டு இறங்காத மப்ளர். யாரும் இல்லாத நேரங்களில் அதில் முகத்தைப் புதைப்பாள். சுட்டது போலவும் லேசாகப் புளித்தது போலவும் ஒரு வாசம் வரும். அவருடைய வாசம் என்றுதான் நினைத்திருந்தாள். அத்தனை வருடம் பக்கத்தில் படுத்த மனிதருக்கு இப்படியொரு வாசம் முன்பு இருந்ததா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

மப்ளரை விட்டால் அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு பெருமை. செத்தவீட்டில் வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லி அழுதாள். "கடைசி வரைக்கும் என்ர கைச் சாப்பாடுதான். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் தொட்டும் பாக்கேல்ல." பனியில் வழுக்கி விழுந்ததில் அடிபட்ட முழங்காலோடு அவளால் தினமும் போக முடியவில்லை. கோழி ரசம் காய்ச்சிப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பாள். அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் மருமகள் மரிசோல் கொண்டுபோய்க் கொடுப்பாள். மாலையில் பிளாஸ்க் வெறுமையாகத் திரும்பி வரும். அதைக் கழுவும்போது குமுதினிக்கு வயிறு நிறையும்.

நேற்று ஐயரைக் கூப்பிட்டுத் திவசம் முடிந்துவிட்டது. இன்று வீட்டுப் படையல். மீன் குழம்பு, இறால் பொரியல், ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்று அவருக்குப் பிடித்ததெல்லாம் காலையிலிருந்து அடுப்பில் ஏறி இறங்கின. உதவிக்கு வந்திருந்த நகுலேஸ்வரி, அவருடைய தங்கை, வெங்காயம் உரித்ததைவிடக் கதைத்ததுதான் அதிகம்.

மத்தியானம் போல மகன் லக்‌ஷனும் மரிசோலும் வந்தார்கள். மரிசோலின் கையில் துவாயால் சுற்றிய பெரிய சட்டி.

"என்ன பிள்ளை, சட்டியைக் கைக்குழந்தை மாதிரிப் போர்த்திக்கொண்டு வாறாய்?" என்றாள் நகுலேஸ்வரி.

"வெளியிலே குளிர் மாமி, அதான்," என்று சிரித்தாள் மரிசோல். அவளுடைய தாய் மெக்சிகோவிலிருந்து லண்டனுக்கு வந்து, வீடுகளைத் துப்புரவாக்கிப் பிள்ளையை வளர்த்தவள். குளிர் தொடங்கினால் அந்த அம்மா இந்தச் சூப்பைத்தான் வைப்பாளாம். அவர்கள் வீட்டிலும் நவம்பரில் இறந்தவர்களுக்குச் சாப்பாடு வைக்கும் வழக்கம் உண்டு. இதையெல்லாம் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாகச் சொல்லிக்கொண்டே சட்டியை அடுப்பில் வைத்து மூடியைத் திறந்தாள். ஒரு கரண்டி அள்ளிக் குமுதினியிடம் நீட்டினாள்.

"உப்புச் சரியா மாமி?"

"படைக்க முதல் வாய் வைக்கக் கூடாது பிள்ளை. எச்சிலாப்..." என்று சொல்ல வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

கரண்டியிலிருந்து ஆவி எழுந்தது. வறுத்து அரைத்த காய்ந்த மிளகாய், சுட்ட தக்காளி, தேசிக்காய்ப் புளிப்பு.

குமுதினி படுக்கையறைக்குள் போனாள். கதவைச் சாத்திவிட்டு மப்ளரில் மூக்கை வைத்தாள். ஒரு வருடத்தில் மங்கிப்போயிருந்தாலும் அதே வாசம். சந்தேகமே இல்லை. அவசரமாக இன்னொரு முறை மோந்தாள், அதற்குள் எங்காவது அவரும் இருக்கிறாரா என்று தேடுவது போல.

திரும்பி வந்தபோது நகுலேஸ்வரி வாழையிலை துடைக்க முன்னறைக்குப் போயிருந்தாள்.

"மாமாவுக்கு இதைக் குடுத்தனியோ?"

மரிசோல் கணவனைப் பார்த்தாள். லக்‌ஷன் நிலத்தைப் பார்த்தான்.

"அம்மா, இப்ப ஏன் அதெல்லாம்..."

"அப்ப உனக்கும் தெரியும்."

"ஆஸ்பத்திரியில குடுத்த மருந்துக்கு அப்பாவுக்குக் கறித்தூள் மணமே ஏலாமல் போட்டுது. பிளாஸ்க்கைத் திறந்தாலே சத்தி வந்திடும். இவள் ஒருநாள் தன்ர சாப்பாட்டில கொஞ்சம் குடுத்தவள். அதுக்குப் பிறகு அவருக்கு அது மட்டும்தான் இறங்கினது. உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர். நோவீங்களாம்."

"என்ர ரசத்தைக் கொட்டினனீங்களோ?"

"இல்லை மாமி," என்றாள் மரிசோல் பதறிப்போய். "நான் குடித்தேன். எல்லா நாளும். காரில் உட்கார்ந்து."

குமுதினி கரண்டியை எடுத்து ஆட்டிறைச்சியைக் கிளறினாள். அது கிளற வேண்டிய நிலையில் இல்லை. சொல்லியிருந்தால் தூளே போடாமல் வெறும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருப்பாளே. ஒரு வார்த்தை. சனி, ஞாயிறுகளில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டும்போது இரண்டு கரண்டி விழுங்கிவிட்டு, "உன்ர கை ருசி வேற ஆருக்கும் வராது" என்றாரே. அதைச் சொல்லி முடித்ததும் கண்களை மூடிக்கொள்வார். களைப்பு என்று நினைத்திருந்தாள். குமட்டலை அடக்கியிருக்கிறார்.

நோவாள் என்றா மறைத்தார்? அல்லது அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தா? வெளிநாடு வந்து இத்தனை வருடத்தில் எதையெல்லாம் 'நல்லா இருக்கு' என்று இப்படி விழுங்கியிருப்பார்? சாப்பாட்டை மட்டுந்தானா? கேட்க ஆள் இல்லை. சுவரில் மாலை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

மூன்று பேருக்கும் ஒரு உலகம் இருந்திருக்கிறது. அதில் அவரிடம் பசியும் இருந்திருக்கிறது. அவளுக்குத்தான் கழுவுவதற்குப் பிளாஸ்க் வந்தது.

முன்னறையில் படத்துக்கு முன்னால் இலை விரித்துப் படைத்தார்கள். சோறு, மீன், இறால், இறைச்சி, வடை. நகுலேஸ்வரி குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். "மச்சாள், அந்தச் சட்டி அடுப்பிலயே நிக்குது. பிள்ளை ஆசையாக் கொண்டந்தது."

"அது பிள்ளையளுக்கு."

சட்டியை எடுக்கத் திரும்பிய மரிசோல் நின்றுவிட்டாள். அவளுக்கு அந்த அளவு தமிழ் விளங்கும்.

தேவாரம் பாடி, கற்பூரம் காட்டி, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். இனிக் கொஞ்ச நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது. அவர் வந்து ஆற அமரச் சாப்பிட வேண்டும். அதுவரை வீட்டில் ஒருவர் வாயிலும் எதுவும் படக் கூடாது.

குமுதினி குசினிக்குப் போனாள். கோப்பை ஒன்றை எடுத்துச் சட்டியிலிருந்து சூப்பை ஊற்றினாள். பெரிய பெரிய சோளமணிகள் மிதந்தன. நின்றபடியே குடித்தாள்.

"மச்சாள்! என்ன செய்யிறியள்? அண்ணை இன்னும் சாப்பிடேல்ல!"

"அவர் தன்ர பங்கைப் போன வருசமே குடிச்சிட்டார்."

நகுலேஸ்வரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. லக்‌ஷனுக்கு விளங்கியது, அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவர் சாப்பிடுவதற்கு முன்னால் அவள் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை. வாயில் வைக்கவே முடியாத ஏதோ ஒன்றாக அது இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் குடித்தாள். அப்படி இருந்திருந்தால், நோய் வருத்தத்தில் அவருக்கு நாக்குச் செத்துவிட்டது என்றாவது சொல்லிக்கொண்டிருக்கலாம். உறைப்பு அதிகமில்லை. தொண்டையில் இறங்கும்போது, காலையிலிருந்து விறைத்திருந்த முழங்கால் வரைக்கும் சூடு போனது. உப்புக்கூடச் சரியாகத்தான் இருந்தது.

மரிசோல் கதவடியில் நின்றாள். அழுதிருந்தாள் போலிருந்தது. "மாமி, நல்லா இல்லையா?"

குமுதினி வெறும் கோப்பையை அவளிடம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள், அவள் முகத்தைப் பார்க்காமல்.