மச்சம் இடம் மாறிய படம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஓவியம் சொல்லித்தரும் இருதயமேரி, டீ இடைவேளையில் சிரித்துச் சிரித்துச் சொன்னது. எழுதட்டுமா என்றேன்.

"எழுதுங்க சார். என்னெ அழ மட்டும் வெக்காதீங்க."

2

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், ஒரு கலைஞன்…

(வேண்டாம். செங்கல்பட்டைத் தாண்டினாலே எனக்குத் தலை சுற்றும்.)

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பிரபலங்களின் முகங்களை இப்படியும் அச்சிட்டார்கள்: செப்புத் தகட்டில் கோடு கிழிக்காமல், புள்ளி புள்ளியாகக் குத்துவது. புள்ளி நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். யூடியூப் பார்த்து அதைக் கற்றுக்கொண்ட மேரிக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. வீட்டில் ஒன்று இருந்தது. அதோடு பேச்சுவார்த்தைதான் இல்லை.

3

கணவர் பூவரசன் பஸ் டிரைவர். விழுப்புரம் டிப்போவுக்கு மாற்றல் வந்ததும், திண்டிவனத்து வீட்டையும் அங்கே மாற்றலாம் என்றார். மேரி முடியாது என்றார். அன்றோடு இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

[இங்கே அவரை முரடராக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கோபத்திலும் ஹாரன் அடிக்காத மனிதர்.]

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே நாற்காலியை ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தார். மேரி பார்த்துப் பார்த்துக் குத்தினார். பேசாத இருவர் மணிக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர்…

(இந்த வாக்கியத்தை முடிக்கத் தெரியவில்லை.)

4

அச்செடுக்க, விழுப்புரத்தில் தோழி ஒருத்தியின் பட்டறைக்கு ஒரே பைக்கில் போனார்கள்.

தகட்டில் மை தேய்த்துத் துடைத்து, ஈரத்தாள் வைத்து உருளையில் அழுத்தி எடுத்தால், அச்சு அசல் பூவரசன். ஆனால் இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில்! அச்சில் எல்லாம் இடம்வலமாகத் திரும்பும் என்பதை மேரி மறந்துவிட்டிருந்தார். அழுகை முட்டியது. (முட்டியதோடு சரி. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

பூவரசன் எட்டிப் பார்த்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"மச்சமே எடம் மாறிக்கினு போச்சு. நாம மாறக் கூடாதா மேரி?"

மேரி படத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"மாறினாலும் அதே மூஞ்சியிலதான இருக்குது? நீங்களும் திண்டிவனத்துக்குள்ளயே வேற வீடு பாருங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் ஈரத்தாள் கீழே விழுந்தது.

5

முடிவா? பூவரசன் ஜெயித்ததாக ஒன்று எழுதினேன்: விழுப்புரத்துப் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். மேரி ஜெயித்ததாக இன்னொன்று: பூவரசன் விடியற்காலையில் யாரோ ஓட்டும் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகிறார். உண்மையில் எதுவும் முடிவாகவில்லை. நேற்றுகூட போனில் அதே சண்டைதான், சத்தமாக, சந்தோஷமாக.

உங்களுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். விழுப்புரம்தான் என்றால் மட்டும், மேரியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு அவருக்குப் பக்கத்து மேசை.