இயக்குநர் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம்

மருத்துவமனை இயக்குநரிடம் எல்லாக் கதவுகளுக்கும் சாவி இருந்தது. அடித்தளத்து சர்வருக்கு மட்டும் இல்லை. இது அவருக்குச் சோறு இறங்காத குறை. நிர்வாகக் குழுவைக் கூட்டி, மேசையைத் தட்டிப் பேசி, தமக்கும் முழு அதிகாரம் என்று தீர்மானம் போடவைத்தார்.

சர்வரைப் பார்த்துக்கொள்பவளை எல்லாரும் சாவி அக்கா என்பார்கள். அவள் வாதாடவில்லை. யாரெல்லாம் நிர்வாகக் கட்டளை இடலாம் என்று சர்வர் பார்த்துக்கொள்ளும் கோப்பில் அவர் பெயரையும் சேர்த்தாள். அதைத் திருத்துவதானால் தப்பைப் பிடித்துச் சொல்லும் கருவி வழியாகத்தான் திறக்க வேண்டும் என்றும் சொன்னாள். தம் எழுத்தில் ஒரு கருவி தப்பு பிடிப்பதா என்று இயக்குநர் மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தம் லேப்டாப்பில் சர்வருக்குள் ஒரு ஜன்னல் திறந்து, அந்தக் கோப்பைச் சாதாரண எடிட்டரில் எடுத்தார். தம் பெயர் அக்காவின் பெயருக்குக் கீழே கிடந்தது. மேலே தூக்கி வைத்தார். மொட்டையாகத் தெரிந்தது. டாக்டர் பட்டத்தையும் பதவியையும் முன்னால் சேர்த்துச் சேமித்தார். பழைய சர்வர். கோப்பில் புரியாத வரி ஒன்று இருந்தால் எவருக்கும் அதிகாரம் தராது. சாவி அக்கா உட்பட எல்லாரும் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

அந்த நேரம் பார்த்து, பரிசோதனைக் கூடத்து முடிவுகளை அனுப்பும் நிரல் மக்கர் பண்ணியது. நிறுத்தித் திரும்ப ஓடவிட்டால் போதும். அதற்குத்தான் அதிகாரம் வேண்டும். மாடியில் அறுவை மேசைமேல், குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியவர் ஒருவர். அவருக்கு எந்த ரத்தம் சேரும் என்பது திரையில் வராமல் ரத்தப் பை வெளியே வராது. வாய்ச்சொல் செல்லாது என்பது அங்கே கறாரான விதி. மயக்க மருந்து கொடுத்துக்கொண்டிருந்தவர் இயக்குநரின் மனைவி. கணவரை அவரே அழைத்தார்.

"ஏங்க, ரிசல்ட் வருமா வராதா? இந்த மனுஷனை நான் எவ்வளவு நேரம் தூங்க வெச்சிருக்கறது?"

இயக்குநர் வியர்த்து விறுவிறுத்து சாவி அக்காவுக்குப் போன் போட்டார். அவள் அதற்குள் ஒரு கட்டளை இட்டு, மூக்குடைபட்டு, எந்த வரியில் கோளாறு என்பதையும் படித்துவிட்டிருந்தாள். சர்வரை நிறுத்திப் பின்வாசலால் நுழையலாம்; ஆனால் எல்லா வார்டுகளின் திரைகளும் அணைந்துபோகும். வேறு யாராக இருந்தாலும் முதலில் இது யார் செய்த வேலை என்று கேட்டிருப்பார்கள். அவள் கேட்டது, காலையில் லேப்டாப்பில் திறந்த ஜன்னலை அவர் மூடிவிட்டாரா என்று.

"இல்லம்மா. இப்பதான் லேப்டாப்பை ஒருதரம் ஆஃப் பண்ணிப் பார்க்கலாம்னு..."

"சார், கையை எடுங்க. மூடியைக்கூடத் தொடாதீங்க. நான் வர்றேன்."

இயக்குநர் எதையும் மூடி அறியாதவர். அவர் பேனாக்களுக்கு மூடி கிடையாது. அலமாரி எப்போதும் வாயைப் பிளந்தபடி நிற்கும். தொடங்கிய கூட்டமும் அப்படியே. மருத்துவமனையே சொல்லிச் சிரிக்கும் இந்த வழக்கத்தை, உதவக்கூடிய ஒன்றாக நினைத்துப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பிழை விழும் முன்பே முழு அதிகாரத்தோடு திறந்த ஜன்னல் அது. மூடும்வரை அதிகாரம் போகாது.

படியேறி வந்தவள் மூச்சு வாங்கக்கூட நிற்கவில்லை. அந்த ஜன்னலிலேயே கருவி வழியாகக் கோப்பைத் திறந்து பட்டத்தையும் பதவியையும் எடுத்தாள். புதிதாக இன்னொரு ஜன்னல் திறந்து, தன்னை உள்ளே விடுகிறதா என்று பார்த்த பிறகுதான் நிரலை ஓடவிட்டாள். அந்த அவசரத்திலும் அதைச் சோதித்தாளே, அதைத்தான் இயக்குநர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவியின் போன் வந்தது. ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

இயக்குநர் தொண்டையைச் செருமினார். குழுவிடம் தாமே சொல்லிக்கொள்வதாகவும், தம் பெயரை எடுத்துவிடும்படியும் கேட்டார். அவள் லேப்டாப்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவரே கருவி வழியாக எடுத்தார். ஜன்னலையும் மூடினார், அந்த அறையில் மூடப்பட்ட முதல் பொருள் அது. பிறகு ஆசை விடாமல் தம் பெயரில் புது ஜன்னல் திறந்து ஒரு கட்டளை இட்டுப் பார்த்தார். அனுமதி இல்லை, இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்றது சர்வர்.

"மேலிடம்னா யாரு மேடம்?"

முதல் முறையாக வந்த அந்த 'மேடம்' அவள் காதில் விழாமல் இல்லை.

"நான்தான் சார். கீழ போய்ப் படிச்சிக்கிறேன்."