ஒரு கட்டுரை போன தூரம்

மெலிஸ் அப்திகுலோவின் பெயரில் நூற்றறுபது ஆய்வுக் கட்டுரைகள் இருந்தன. பிஷ்கெக்கில் அவன் துணை இயக்குநராக இருந்த மலைநல ஆய்வு நிலையத்தில் வேறு யாரும் அதில் பாதியைக்கூடத் தொட்டதில்லை. இதயம், நுரையீரல், இரத்தக் கொதிப்பு, மேய்ப்பர்களின் முழங்கால் வலி என்று அவன் கைவைக்காத உறுப்பு இல்லை. எல்லாவற்றையும் அவனே எழுதினான் என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லாவற்றிலும் அவன் பெயர் இருந்தது. அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. பெரியவர் பெயரைச் சேர்க்காமல் கட்டுரை அனுப்புகிறவனைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அந்த வசந்தத்தில் மேலிடத்திலிருந்து கணக்குக் கேட்டார்கள். யார் எத்தனை எழுதினார்கள், எழுதியதை உலகத்தில் எத்தனை பேர் எடுத்து மேற்கோள் காட்டினார்கள் என்று. பெயர்களை வரிசைப்படுத்தியபோது கடைசியில் நின்றவள் அசில்கான் தொக்தோசுனோவா. கட்டுரை நான்கு, மேற்கோள் ஏழு. குழந்தை மருத்துவர், மெலிஸோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவனுக்கு அவள்மேல் பிரியம் உண்டு. அதனால்தான் ஆளனுப்பாமல் அவனே அவள் அறைக்குப் போனான்.

"இந்த நாலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, நீயே சொல்லு அசில். உன் ரூமைப் பிடுங்கி ரத்தப் பரிசோதனைக்காரங்களுக்குக் குடுங்கறாங்க."

"குடுத்துடேன். இந்த ஜன்னல்ல காத்தே வரமாட்டேங்குது. அவங்களும் கொஞ்சம் வேகட்டும்."

"விளையாடாத. அடுத்த மாசம் ரெண்டு கட்டுரை போகுது. உன் பேரையும் சேத்துடறேன். தலைய ஆட்டு, போதும்."

"எதைப் பத்தி?"

"ஒண்ணு சிறுநீரகம். இன்னொண்ணு... இரு, பாத்துச் சொல்றேன்."

அசில்கான் மேசையில் தட்டிச் சிரித்தாள். "ஏன் துணை இயக்குநர் ஐயா, சொந்தக் கட்டுரை எதைப் பத்தின்னு பாத்துத்தான் சொல்லணுமா? என்னை விடு. சோங்-குல் மலை மேய்ச்சலுக்கு ஏறுற குடும்பங்கள்ல மூணு குழந்தை புதுசாப் பொறந்திருக்காம். பனி இளகினதும் நான் ஏறிடுவேன்."

"ஆகஸ்ட்ல மாநாடு இருக்கு. எங்கெங்கேயிருந்தோ வர்றாங்க. வரிசைல மேல இருக்கறவங்களுக்குத்தான் இடம்னு சொல்லிட்டாங்க, அதனால..."

"நல்லதாப் போச்சு. நான் வந்தா தூங்கிடுவேன்" என்றாள் அவள். மனத்தாங்கல் இருந்ததாகத் தெரியவில்லை. மெலிஸுக்குத்தான் அன்று மதியச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மாநாடு இசிக்-குல் ஏரிக்கரையில், பழைய சோவியத் கால ஓய்வு இல்லம் ஒன்றில் நடந்தது. மலையில் வாழும் மக்களின் நோய் நொடிகளைப் பற்றிய மாநாடு. மெலிஸ் புதுக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். வெளிநாட்டவர்கள் தன் கட்டுரைகளில் ஏதாவது ஒன்றையாவது சொல்லிக் கைகுலுக்குவார்கள் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை.

முதல் நாள் காலை, பெரு நாட்டிலிருந்து வந்த நெலிடா என்ற டாக்டர் அவனைத் தேடிக்கொண்டே வந்தாள். குட்டையான உருவம், இரட்டைப் பின்னல், வாய் நிறையச் சிரிப்பு. அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"நீங்க பிஷ்கெக் தானே? அப்ப துய்ஷேயெவா எங்க? அவங்களைப் பாக்கத்தான் நான் மூணு விமானம் மாறி வந்தேன்."

"அப்படி யாரும் எங்ககிட்ட இல்லையே அம்மா."

அவள் முகம் விழுந்துவிட்டது. "இறந்துட்டாங்களா? அவங்க மின்னஞ்சலுக்கு எழுதினா திரும்பி வருது. எத்தனையோ தடவை எழுதிட்டேன்."

அவள் தன் கைப்பேசியை நீட்டினாள். பூனோ என்ற அவள் ஊரில், மலை உச்சியில் இருக்கும் பிரசவ அறையின் சுவர். அதில் ஓர் அட்டை. எந்த உயரத்தில் பிறந்த குழந்தைக்கு இரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் இருந்தால் நலம், எதற்குக் கீழே போனால் ஆபத்து என்று படிப்படியாக வண்ணத்தில் போட்டிருந்தது. அடியில் எறும்பு எழுத்தில் ஒரு பெயர்: துய்ஷேயெவா, பிஷ்கெக்.

லடாக்கிலிருந்து வந்து, பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ரிக்சின் எட்டிப் பார்த்தார். "அட, இது எங்க லே ஆஸ்பத்திரியிலயும் தொங்குதே! எங்க நர்சுங்க இதுக்கு 'அம்மா அட்டை'ன்னே பேர் வச்சிருக்காங்க. இந்த அம்மா இங்கயா இருக்காங்க?"

மெலிஸ் ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு, மடிக்கணினியோடு ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்தான். அந்தப் பெயரை அடித்தான். ஒரே ஒரு கட்டுரை வந்தது. பதினாறு வருடங்களுக்கு முன் அல்மாட்டியில் யாரோ நடத்தி நின்றுபோன ஒரு சின்னப் பத்திரிகையில் வந்தது. சோங்-குல், அக்-சாய், அலாய் மேய்ச்சல்களில் பிறந்த குழந்தைகளின் ஆக்சிஜன் அளவு. ஒன்பதே பக்கம். ஒரே ஆள் எழுதியது.

அதை மேற்கோள் காட்டியவர்கள் ஆயிரத்து நானூறுக்கு மேல். மெலிஸின் நூற்றறுபதையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கினாலும் அதில் கால்வாசி தேறாது.

முதலில் அவனுக்கு வயிறு எரிந்தது என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு அவன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தான். எத்தியோப்பிய மலையில் மருத்துவச்சிகளுக்கான கையேடு. திபெத்தில் நிமோனியா. பொலிவியாவில் எந்தக் கிராமத்துக்கு எத்தனை சிலிண்டர் என்று முடிவெடுத்த அறிக்கை. ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டி இன்னும் நூறு, அந்த நூறையும் காட்டி இன்னும் எத்தனையோ. அவன் பெயர்கூடக் கேள்விப்படாத ஊர்களில், அவனுக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகளில், அந்த ஒன்பது பக்கம் போய்க்கொண்டே இருந்தது. எங்கே நிற்கிறது என்று பார்க்க நினைத்தவனுக்கு அது நிற்கிற இடம் கிடைக்கவில்லை. எரிச்சல் எப்போது போனதென்று தெரியவில்லை. பெரிய மலை ஒன்றின் அடியில் நின்று தலையை நிமிர்த்தியவன்போல, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. துய்ஷேயெவா என்றால் துய்ஷேயெவின் மனைவி! அந்த வாயாடி வியாபாரியின் கல்யாணத்தில் இவனே வயிறு முட்டக் குதிரைக்கறி தின்றிருக்கிறான். மூன்று வருடத்தில் முறிந்துபோன கல்யாணம். மணமகள் அசில்கான்.

யாரிடமும் சொல்லாமல் காரை எடுத்தான். கொச்கோர் தாண்டி, கணவாய் ஏறி, சோங்-குல் புல்வெளிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கேட்டுக் கேட்டு ஒரு கூடாரத்தைக் கண்டுபிடித்தான். கதவுத் துணியை விலக்கியதும் அசில்கான் விரலை உதட்டில் வைத்தாள். மடியில் ஒரு குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தது. அதன் பாதத்தில் சின்னக் கருவி சிவப்பாக மினுங்கியது.

"உஸ். அழுதா அளவு தப்பா வரும். வெளிய போய்க் குமிஸ் குடி."

புதுக் கோட்டோடு மெலிஸ் புல்லில் உட்கார்ந்து, வீட்டுக்காரி ஊற்றிய குமிஸை, புளித்த குதிரைப்பாலை, குடித்தான். "டாக்டர் அக்காவுக்கு அவசரமே கிடையாது அண்ணே. நாங்களே அவங்களுக்காகக் குழந்தையத் தூங்கவெச்சுக் காத்துக்கிட்டு இருப்போம்" என்றாள் அந்தப் பெண். நெடுநேரம் கழித்து அசில்கான் கை துடைத்துக்கொண்டு வந்தாள்.

"யாரு செத்தா? இவ்வளவு தூரம் வந்திருக்க."

"துய்ஷேயெவாவ நீ ஏன் கணக்குல காட்டல?"

"அந்தாளு குடுத்த கம்பளிக் கோட்டையும் பேரையும் ஒரே நாள்ல திருப்பிக் குடுத்துட்டேன். அந்த மின்னஞ்சலும் அவன் கடையோடது. எதுக்கு மறுபடி அவன் பேரை எழுதணும்?"

"அசில், அந்தக் கட்டுரை எங்கெங்க போயிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"அல்மாட்டில ரெண்டு மூணு பேர் படிச்சதாச் சொன்னாங்க."

மெலிஸ் சொன்னான். பூனோவின் சுவர், லேயின் அம்மா அட்டை, எத்தியோப்பிய மருத்துவச்சிகள், முடிவே இல்லாமல் நீண்ட அந்த வரிசை. சொல்லச் சொல்ல அவன் குரலே அவனுக்கு அந்நியமாகக் கேட்டது. அசில்கான் புல்லைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். கடைசியில் கேட்டாள்:

"அந்தப் பெரு நாட்டுக்காரி ஊர்ல குழந்தைங்களுக்கு ஆக்சிஜன் எவ்வளவு வருது?"

"அது... கேக்கலயே."

"இதைக் கேக்காம வேற என்னத்தக் கேட்ட? அவங்க எத்தனையோ ஆயிரம் வருஷமா மலைல இருக்கறவங்க. நம்ம அளவு அவங்களுக்குப் பொருந்துதா இல்லையான்னு தெரிய வேண்டாமா? எந்திரி. விடியக்காலைல கிளம்பலாம்."

மறுநாள் அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேடையில் நெலிடா பேசிக்கொண்டிருந்தாள். பின் கதவு வழியாகச் சேறு அப்பிய பூட்ஸோடு அசில்கான் நுழைந்தாள். மெலிஸ் கையை உயர்த்தி, "இவங்கதான் துய்ஷேயெவா" என்றான்.

நெலிடா பேச்சைப் பாதியில் விட்டாள். ரிக்சின் எழுந்தார். அவருக்குப் பின்னால் எத்தியோப்பியர்கள், அப்புறம் ஒவ்வொரு வரிசையாக, நாற்காலிகள் கரகரக்க மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. யாரும் கைதட்டவில்லை. சும்மா நின்றார்கள்.

அசில்கான் மெலிஸின் காதில் கிசுகிசுத்தாள்: "என்ன, டீ குடிக்க விட்டுட்டாங்களா?"

"இல்ல அசில். உனக்காக நிக்கறாங்க."

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாராவது வந்திருக்கிறார்களோ என்று.

நெலிடா இறங்கி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். மெலிஸ் நடுவில் நின்று மொழிபெயர்த்தான். "இந்தக் கேள்வியக் கேக்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சுன்னு கேக்கறாங்க."

அசில்கான் சொன்னாள்: "அக்-சாய்ல ஒரு பொண் குழந்தை. குளிர்காலம். கருவியில எண்பத்தேழு காட்டுச்சு. புத்தகத்துல தொண்ணூறுக்குக் கீழ போனா ஆபத்துன்னு இருந்துச்சு. புத்தகம் சமவெளிக்காரங்க எழுதினது. நான்தான் நரின் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன். வழியில வண்டி பனியில மாட்டிக்கிச்சு. குளிர்ல போயிடுச்சு குழந்தை. நோயே இல்ல அதுக்கு. அந்த உயரத்துக்கு எண்பத்தேழு சரியான அளவு. அது யாருக்கும் தெரியல. அதான், தெரிஞ்சுக்கலாம்னு குதிரையேறினேன்."

மெலிஸுக்கு இது தெரியாது. ஒரே நடைபாதையில் இத்தனை வருடம் நடந்தும் தெரியாது. அவன் அதை வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான். யாரும் பார்க்காத ஒரு பனிச்சாலையில் ஒரு சிசு இறந்ததும், உலகத்தின் மறுமுனையில் ஆரோக்கியமான குழந்தைகளை யாரும் தாயின் மடியிலிருந்து பிரிக்காமலிருப்பதும் ஒரே நூலின் இரண்டு நுனிகள் என்பது அவன் வாயாலேயே அவனுக்குப் புரிந்தது.

பூனோவின் அளவுகளை நெலிடா சொன்னாள். அசில்கானின் அளவைவிட இரண்டு புள்ளி அதிகம். "நான் நினைச்சேன்!" என்று அசில்கான் தொடையில் தட்டினாள். ரிக்சின் தன் ஊர் அளவுகளோடு குறுக்கே வந்தார். மூன்று பேரும் ஏரிப் படிக்கட்டில் உட்கார்ந்து சண்டைபோலப் பேசினார்கள். மெலிஸ் தொண்டை கட்டும்வரை மொழிபெயர்த்தான். சாப்பாடு ஆறிப்போனது, யாருக்கும் பசிக்கவில்லை.

அறை அசில்கானிடமே இருந்தது. பழைய பெயரைக் கணக்கில் சேர்க்க, மெலிஸ் அவளிடம் கெஞ்சிக் கூத்தாடிக் கையெழுத்து வாங்கினான். அடுத்த வருடம் நெலிடா, ரிக்சின், அசில்கான் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் அவன் பெயரையும் போடலாம் என்று அசில்கான் சொன்னாள்.

"எனக்கு இதுல என்ன வேலை? வேண்டாம்" என்றான் மெலிஸ். பிறகு கதவை மூடிக்கொண்டு, அந்தக் கட்டுரையை முதல் வரியிலிருந்து படிக்க உட்கார்ந்தான்.